தூதரகம் 'கவலை' தெரிவித்தால் அதில் எவ்வளவு பலம் இருக்கிறது?

கேள்வி: நான் ஒரு சிறிய செய்தித்தளத்தில் உலகச் செய்திகள் எழுதுகிறேன். ஒரு நாட்டின் ஊழல் தடுப்பு அமைப்பில் ஆட்சியாளர்கள் கைவைத்தால் உடனே தூதரகங்கள் 'கவலை' தெரிவித்து அறிக்கை விடுகின்றன. 2025 ஜூலையில் உக்ரைன் அரசு ஒன்பதே நாளில் பின்வாங்கியது. குவாத்தமாலாவிலோ எத்தனையோ அறிக்கைகள் வந்தும் அமைப்பே மூடப்பட்டது. எது உண்மையான அழுத்தம், எது சம்பிரதாயம் என்று செய்தி எழுதும் அன்றைக்கே எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், இது உள்நாட்டு விவகாரத்தில் தலையீடு இல்லையா என்று வாசகர்கள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: அறிக்கையைப் படித்ததும் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த எச்சரிக்கையை அந்த அரசு காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், எச்சரித்தவர் எதைத் தராமல் நிறுத்துவார், எந்தத் தேதிக்குள்? இதற்கு ஒரே வரியில் பதில் எழுத முடிந்தால் அது அழுத்தம். முடியாவிட்டால் அது வெறும் அக்கறை. அக்கறையையும் செய்தியாக்கலாம், தலைப்பில் ஏற்றத் தேவையில்லை. அடுத்து, அதே கோரிக்கையை அந்த நாட்டுக்குள் யார் எழுப்புகிறார்கள் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த விவகாரங்களில் பெரும்பாலும் இந்த இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்தபோதுதான் அரசுகள் இறங்கி வந்திருக்கின்றன.

நீங்கள் குறிப்பிட்ட உக்ரைன் விவகாரத்தை நாள்வாரியாகப் பார்ப்போம். பெரிய மனிதர்கள் மீதான வழக்குகளை வழக்கமான காவல்துறையும் அரசு வழக்கறிஞர்களும் தொடமாட்டார்கள் என்ற அனுபவத்தில் இருந்துதான் அங்கே தனி அமைப்புகள் பிறந்தன. விசாரணைக்கு 'நாபு' என்ற தேசிய ஊழல் தடுப்புப் பணியகம், வழக்கு நடத்த 'சாப்போ' என்ற சிறப்பு அரசு வழக்கறிஞர் அலுவலகம், தீர்ப்புக்கு 2019-ல் வேலையைத் தொடங்கிய ஊழல் தடுப்பு உயர் நீதிமன்றம். இந்த மூன்றுக்கும் நடுவில் தலைமை அரசு வழக்கறிஞர் புகுந்து வழக்கைத் திருப்ப முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். அந்தப் பதவிக்கு ஆளை நியமிப்பவர் அதிபர்.

2025 ஜூலை 21 அன்று நாபு ஊழியர்களின் வீடுகளில், நாட்டின் உளவு அமைப்பான பாதுகாப்புச் சேவையும் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகமும் ஒரே நாளில் எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தின. ரஷ்யாவின் ஊடுருவலைக் களைகிறோம் என்பது அரசு சொன்ன காரணம். மறுநாள், காணாமல் போனவர்கள் தொடர்பான விசாரணை குறித்த ஒரு மசோதாவில் கடைசி நேரத்தில் வேறு பிரிவுகள் நுழைக்கப்பட்டு 263 வாக்குகளில் நிறைவேறியது. அதிபர் ஸெலென்ஸ்கி அன்று இரவே கையெழுத்திட்டார். நாபுவின் கோப்புகளைத் தலைமை அரசு வழக்கறிஞர் வாங்கிப் பார்க்கலாம், வழக்கை வேறு அமைப்புக்கு மாற்றலாம், துப்பறிவாளர்களுக்கு எழுத்தில் ஆணையிடலாம் என்று அந்தப் பிரிவுகள் சொல்லின. அமைப்பின் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், முடிவெடுக்கும் கை மட்டும் மாறிவிடும்.

இப்போது ஜி7 என்ற ஏழு பெரிய பொருளாதார நாடுகளின் தூதர்கள் விட்ட அறிக்கைக்கு வருவோம். சட்டம் நிறைவேறுவதற்கு முந்தைய நாளே, சோதனைகள் நடந்த அன்றே அது வந்தது. இன்று நாபுவைச் சந்தித்தோம், எங்களுக்குக் கடுமையான கவலை இருக்கிறது, அரசுத் தலைவர்களிடம் இதைப் பேசப்போகிறோம் என்பது அதன் சாரம். நீங்கள் கவனிக்க வேண்டியது 'கடுமையான' என்ற அடைமொழியைவிட அந்தச் சந்திப்பைத்தான். யார் மீது சோதனை நடக்கிறதோ அவர்களிடமே தூதர்கள் போய் உட்கார்ந்து பேசி, பேசியதைப் பகிரங்கமாகவும் சொல்கிறார்கள். எந்தத் தரப்பின் விளக்கத்தை நம்புகிறோம் என்று அரசுக்குத் தெரிவிப்பதற்கு இதைவிட நேரான வழி தூதர்களுக்குக் கிடையாது. 'நிலைமையைக் கூர்ந்து கவனிக்கிறோம்' என்பதோடு நிற்கும் அறிக்கைகளில் இந்த இரண்டு தகவலும் இருக்காது: யாரைச் சந்தித்தோம், அடுத்து யாரிடம் பேசுவோம். ஒவ்வொரு அறிக்கையிலும் முதலில் இவற்றைத் தேடுங்கள்.

பிறகு பணத்தையும் நாட்காட்டியையும் பாருங்கள். உக்ரைன் 2022-ல் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் வேட்பாளர் நாடு. 2024 முதல் 2027 வரை 5,000 கோடி யூரோ வரையிலான ஓர் உதவித் திட்டம் அதற்கு உண்டு. சீர்திருத்தங்களைச் சரிபார்த்த பிறகே ஒவ்வொரு தவணையும் வெளியே வரும். நாபுவின் சுதந்திரம் இந்த உறவின் அடிப்படையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லெயன் விளக்கம் கேட்டபோது தலைநகர் கீவில் இருந்தவர்களுக்கு அதன் பொருள் உடனே புரிந்தது. பெயரளவுக்குக்கூட அவர் மிரட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. அதே வாரத்தில் ஆணையம் ஒரு தவணையைக் குறைத்தது. சுமார் 450 கோடி யூரோ வர வேண்டிய இடத்தில் 305 கோடிதான் தரலாம் என்றது. நாபு சட்டத்துக்காகத்தான் பணத்தை வெட்டினார்கள் என்று பல ஊடகங்கள் எழுதிவிட்டன. உண்மையில் முன்பே ஒப்புக்கொண்ட 16 படிகளில் 3 நிறைவேறாததுதான் காரணம், இது வேறு விஷயம் என்று ஆணையம் விளக்கியது. அந்த மூன்றில் ஒன்று ஊழல் தடுப்பு உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதிகளை நியமிப்பது என்பதால் குழப்பம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் ஒரே வாரத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் காரணமும் விளைவுமாக முடிச்சுப் போடாதீர்கள். அப்படி எழுதினால், மேற்குலகம் பணத்தைக் காட்டி மிரட்டுகிறது என்று பேசும் ஆட்சியாளருக்கு நாமே ஆதாரம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

இவ்வளவு இருந்தும், வெளியிலிருந்து வந்த குரல் மட்டும் அந்தச் சட்டத்தைத் திருப்பியிருக்காது என்றே நான் நினைக்கிறேன். கூட்டம் கூடத் தடை இருக்கும் போர்க்காலத்தில், ஜூலை 22 இரவே கீவ், லிவிவ், ஒடேசா நகரங்களில் இளைஞர்கள் அட்டையில் கையால் எழுதிய வாசகங்களோடு தெருவுக்கு வந்தார்கள். 2022 படையெடுப்புக்குப் பிறகு அரசை எதிர்த்து நடந்த முதல் பெரிய போராட்டம் அதுதான். அவர்கள் கேட்டதும் தூதர்கள் கேட்டதும் ஒன்றாக இருந்தன. வெளிநாட்டாருக்குப் பணிந்துவிட்டோம் என்ற அவமானம் இல்லாமல், மக்களின் பேச்சைக் கேட்டோம் என்று சொல்லிப் பின்வாங்க அரசுக்கும் ஒரு வழி கிடைத்தது. ஜூலை 24 அன்று அமைப்புகளின் சுதந்திரத்தை மீட்கும் புதிய மசோதாவை அதிபரே கொடுத்தார், 31 அன்று 331 வாக்குகளில் அது நிறைவேறியது. உங்கள் செய்தியில் தெருவுக்கும் தூதரகத்துக்கும் சமமான இடம் கொடுங்கள். அந்த இளைஞர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு 'ஐரோப்பா பணியவைத்தது' என்று மட்டும் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

குவாத்தமாலாவில் என்ன குறைந்தது? ஐ.நா. துணையோடு 2007-ல் வேலையைத் தொடங்கிய 'சிசிக்' என்ற ஊழல் விசாரணை ஆணையம் சாதாரண அமைப்பு அல்ல. அதன் விசாரணையால்தான் 2015-ல் அதிபர் ஓட்டோ பெரெஸ் மோலினா பதவி விலகிச் சிறைக்குப் போனார். அடுத்த அதிபர் ஜிம்மி மொராலெஸ் மீதே விசாரணை திரும்பியபோது, 2017 ஆகஸ்டில் அவர் ஆணையத்தின் தலைவர் இவான் வெலாஸ்கெஸை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்தது, மக்களும் எதிர்த்தார்கள். உள்நாட்டுக் குரலுக்குக் குறைவே இல்லை. ஆனால் வாஷிங்டனின் குரல் உடைந்துபோனது. 2018 மே மாதம் செனட்டர் மார்கோ ரூபியோ ஆணையத்துக்கான 60 லட்சம் டாலரை நிறுத்திவைத்தார். அதே மாதம் அமெரிக்காவைப் பின்தொடர்ந்து குவாத்தமாலாவும் இஸ்ரேலில் உள்ள தன் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றி வாஷிங்டனுக்கு நெருக்கமானது. அந்த ஆகஸ்டில் ஆணையத்தின் காலத்தை நீட்டிக்கப்போவதில்லை என்று மொராலெஸ் அறிவித்தார். 2019 செப்டம்பரில் அது முடிந்தது. ஐரோப்பியத் தூதரகங்களின் கவலை அறிக்கைகள் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தன. தன்னை உண்மையில் பாதிக்கக்கூடிய ஒரே தலைநகரம் இந்த விஷயத்தில் ஒன்றும் செய்யாது என்று அதிபருக்குத் தெரிந்துவிட்டபின் மற்ற அறிக்கைகளுக்கு என்ன எடை இருக்கும்?

இந்தோனேசியா இன்னொரு பக்கம். 2019-ல் 'கேபிகே' ஊழல் ஒழிப்பு ஆணையத்தின் அதிகாரத்தைக் குறைத்த சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் பெருந்திரளாகப் போராடினார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன. வெளியில் இருந்து நெருக்கக்கூடிய கடனோ உறுப்பினர் விண்ணப்பமோ அந்த நேரத்தில் இல்லை. சட்டம் நிலைத்தது. 2021-ல் ஒரு தேர்வைக் காரணம் காட்டி 57 ஊழியர்கள் வேலையை இழந்தார்கள்.

ருமேனியாவில் இருந்தும் ஒரு குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஊழல் தடுப்பு வழக்குகளின் தலைமை அதிகாரி லாரா கொட்ருட்சா கொவெஷி 2018-ல் நீக்கப்பட்டபோது நாடு ஏற்கெனவே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தது. வாசலில் நிற்பவரிடம் கேட்கக்கூடியதை உள்ளே வந்தவரிடம் கேட்பது கடினம். 2020 மே மாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் தலைமை வழக்குத்தொடுநர் ஆகியிருந்தார். ஆனால் பழைய நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை. சரி, ஒரு நாடு எதையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கும் காலத்தில் வரும் அறிக்கைக்குத்தான் எடை கூடுதல் என்று இதை வைத்துச் சொல்லலாம்.

இப்போது தலையீடு பற்றிய கேள்வி. வாசகர்கள் கேட்பது நியாயமானது, மழுப்பக் கூடாது. 1961-ன் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 41-வது பிரிவு, தூதர்கள் அந்த நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதே நேரம், ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை 2005-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 6-வது, 36-வது பிரிவுகள், ஊழல் தடுப்பு அமைப்புகளுக்குத் தேவையான சுதந்திரத்தைக் கொடுக்க உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துகின்றன. தானே கையெழுத்திட்ட கடமையை ஒரு நாடு மீறினால் அதைச் சுட்டிக்காட்ட மற்ற உறுப்பு நாடுகளுக்கு உரிமை உண்டு. நாபுவின் சுதந்திரத்தைக் காப்பாற்றுங்கள் என்று கேட்பது இந்த எல்லைக்குள் வரும். குறிப்பிட்ட ஆளைத் தலைவராக்கு, குறிப்பிட்ட ஆள் மீதான வழக்கை விடு என்று கேட்டால் அது எல்லை தாண்டியது. உங்கள் வாசகர்களுக்கு இந்தக் கோட்டைக் காட்டுங்கள்.

கோட்டைத் தாண்டுவது ஏழை நாடுகள் மீது மட்டும் நடப்பதும் அல்ல. 2006 டிசம்பரில் பிரிட்டனின் கடும் மோசடி விசாரணை அலுவலகம், பிஏஇ நிறுவனத்தின் சவூதி ஆயுத ஒப்பந்தம் குறித்த விசாரணையைக் கைவிட்டது. உளவுத் தகவல் பகிர்வை நிறுத்திவிடுவோம் என்று சவூதி தரப்பு சொன்னதுதான் பின்னணி. விசாரணையைக் காப்பாற்ற அல்ல, நிறுத்துவதற்கே ராஜதந்திர அழுத்தம் பயன்பட்டது. இதைச் சொல்லாமல் மேற்கு நாடுகளின் அறிக்கைகளை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரை என் பார்வையில் முழுமையானதல்ல.

தூதரகத்தின் அறிக்கைக்கு நிகராக, முடிந்தால் அதற்கும் முன்னால், மசோதாவின் வாசகத்தை வாங்கிப் படியுங்கள். 'சீரமைப்பு', 'ஒருங்கிணைப்பு' என்ற தலைப்புகளைத் தாண்டி, வழக்கை அமைப்பிடம் இருந்து எடுத்துப் போகும் அதிகாரம் யாருக்கு வருகிறது என்று தேடுங்கள். பெரிய பதவியில் இருப்பவர் மீது குற்றச்சாட்டு அறிவிப்பில் யார் கையெழுத்திட வேண்டும் என்றும் பாருங்கள். அந்தக் கையெழுத்து ஒரே ஆளிடம் போனால் மற்றதெல்லாம் அலங்காரம்தான். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். உக்ரைனில் அந்தக் குழுவின் ஆறு பேரில் மூவரைச் சர்வதேசப் பங்காளிகள் பரிந்துரைத்தார்கள் என்பதால்தான் ஆட்சியில் இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியவரை அங்கே உட்காரவைக்க முடியவில்லை. 2017 டிசம்பரிலும் அந்த நாட்டில் இப்படி ஒரு முயற்சி நடந்தது. நாபு தலைவரை நாடாளுமன்றமே நீக்கலாம் என்று ஒரு மசோதா வந்தது. சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் அமெரிக்காவும் எதிர்த்ததும் அது நிகழ்ச்சி நிரலில் இருந்து எடுக்கப்பட்டது. கைவைக்கும் வழி ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும் என்பதால் வாசகத்தைப் படிக்காமல் வேறு வழியில்லை.

சட்டம் திரும்பியதும் செய்தி முடிந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடாதீர்கள். தூதரகங்கள் அன்றோடு அமைதியாகிவிடும், ஊடகமும் அடுத்த பரபரப்புக்குப் போய்விடும். உக்ரைனில் 2025 ஜூலை 21-ல் பிடிபட்ட நாபு அதிகாரி ஒருவர், சட்டம் திரும்பிய பின்னும் பல மாதங்கள் காவலிலேயே இருந்தார். நவம்பரில் நாபு, எனெர்கோஆட்டம் என்ற அரசு அணுமின் நிறுவனத்தைச் சுற்றி சுமார் 10 கோடி டாலர் கைமாறியதாக ஒரு வழக்கை வெளியிட்டது. இரண்டு அமைச்சர்கள் பதவி இழந்தார்கள். அதிபர் அலுவலகத் தலைவர் ஆண்ட்ரி யெர்மாக், தன் வீட்டில் சோதனை நடந்த நவம்பர் 28 அன்றே விலகினார். குற்றச்சாட்டுகள் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டியவை, அதையும் சேர்த்தே எழுதுங்கள். ஆனால் ஜூலைச் சட்டம் நிலைத்திருந்தால் இந்தக் கோப்பு யார் மேசையில் இருந்திருக்கும் என்று வாசகர் தானே யோசிப்பார்.

எனவே இப்படி ஒரு செய்தியை எழுதி முடித்ததும் மூன்று தேதிகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: அடுத்த தவணைக்கான மதிப்பாய்வு எப்போது, அமைப்பின் தலைவரின் பதவிக்காலம் என்று முடிகிறது, அடுத்த பட்ஜெட்டில் அமைப்புக்கான ஒதுக்கீடு எப்போது தெரியவரும். அந்த நாட்களில் முதலில் அங்குள்ள ஊழல் கண்காணிப்புக் குழுக்களையும் உள்ளூர் நிருபர்களையும் தொடர்புகொள்ளுங்கள். தூதரகத்தின் செய்தித் தொடர்பாளரை அதன்பிறகு அழைக்கலாம்.