அரசுக்கு எதிரான வழக்கு இருந்தால் கனடாவில் குடியேற முடியுமா?

மாணவப் பருவத்தில் அரசுக்கு எதிரான வழக்கில் கைதாகி விடுதலையானது நிரந்தர வசிப்புரிமைக்குத் தடையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கைது மட்டுமே தடையாகிவிடாது. ஆனால் விடுதலையானதால் எல்லாம் முடிந்தது என்றும் இருந்துவிடாதீர்கள். உளவு, பலாத்காரமாக ஓர் அரசைக் கவிழ்க்க முயல்வது, பயங்கரவாதம் ஆகியவை கனடாவின் குடியேற்றச் சட்டத்தில் தடைக்கான காரணங்களைச் சொல்லும் 34ஆம் பிரிவில் வருகின்றன. இங்கே நீதிமன்றத் தண்டனை இருந்தாக வேண்டும் என்பதில்லை. இவற்றில் ஈடுபட்டீர்கள் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தாலே போதும். இவற்றில் ஈடுபடும் அமைப்பில் உறுப்பினராக இருந்ததுகூடப் போதும். பலருக்குச் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். வெறுமனே ஊர்வலத்தில் கோஷம் போட்டதும் சுவரொட்டி ஒட்டியதும் இதில் சேராது.

அப்புறம், காவலில் வைக்கப்பட்டதுண்டா என்று படிவம் கேட்கும். தயவுசெய்து 'இல்லை' என்று டிக் போடாதீர்கள். பொய் என்று தெரிந்தால் அதற்கே 5 ஆண்டு தடை. குற்றப்பத்திரிகை, தீர்ப்பு நகல் இரண்டையும் மொழிபெயர்த்து இணையுங்கள்.