தீவனம் எடுக்காத கினிப் பன்றி: இன்றிரவே செய்ய வேண்டியவை

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் முயல் பண்ணை வைத்திருக்கிறேன். அதே கொட்டகையில் 12 கினிப் பன்றிகளையும் வளர்த்து, குட்டிகளைச் செல்லப்பிராணிக் கடைகளுக்கு விற்று வருகிறேன். கோடையில் பசுந்தீவனம் கிடைக்காததால் மூன்று மாதமாக முயல்களுக்கு வாங்கும் குச்சித் தீவனத்தையும் வைக்கோலையுமே இவற்றுக்கும் போடுகிறேன். ஒரு வயது நிரம்பிய ஆண் ஒன்று இரண்டு நாளாகத் தீவனம் எடுக்கவில்லை. தட்டருகே வருகிறது, ஒரு குச்சியைக் கவ்விவிட்டுக் கீழே போட்டுவிடுகிறது. தாடை நனைந்திருக்கிறது, புழுக்கை சிறுத்துவிட்டது. நடக்கத் தயங்குகிறது, காலைத் தொட்டால் கத்துகிறது. எடை 700 கிராம். குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் வீட்டில் மீதம் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா?

பதில்: அந்தச் சிரப்பை ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் ஆகிய மருந்துகள் மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் நாள்தோறும் கொடுக்கப்படுபவை என்றாலும், கினிப் பன்றியின் குடலில் நார்ப்பொருளைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிரிகளை அவை அழித்துவிடும். அந்த இடத்தில் குளோஸ்டிரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைச் சுரக்க, கழிச்சல் கண்டு சில நாட்களிலேயே விலங்கு இறந்துவிடக்கூடும். மாடுகளுக்கென்று பண்ணையில் வைத்திருக்கும் பென்சிலின் கலந்த ஊசி மருந்துக்கும் இது பொருந்தும். நோய்க்கிருமிக்கு எதிரான மருந்து தேவைதானா, தேவையென்றால் எது என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்யட்டும். இந்த விலங்குக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. வீட்டிலுள்ள வலி மாத்திரைகளையும் தாங்களாகக் கொடுக்க வேண்டாம்.

தாங்கள் மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்த இரண்டு நாள் பட்டினி. மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டால் மறுநாள் வரை பொறுத்துப் பார்ப்பது நம் வழக்கம். கினிப் பன்றி அப்படிப் பொறுக்கத்தக்க விலங்கு அன்று. பகலும் இரவும் சிறிது சிறிதாகக் கொறித்துக்கொண்டே இருப்பதால்தான் அதன் குடல் அசைகிறது. 24 மணி நேரம் எதுவும் உள்ளே போகாவிட்டால் குடலசைவு தளர்ந்து, காற்று சேர்ந்து, வலி மிகுந்து, அந்த வலியாலேயே மேலும் தின்ன மறுக்கும். உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் படிவதும் இந்தக் கட்டத்தில்தான். எனவே, காரணம் எதுவாக இருந்தாலும், இன்றிரவே கையால் ஊட்டத் தொடங்குங்கள்.

ஊட்டுவதற்கு முன் வயிற்றை இரு விரல்களால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மத்தளம் போல உப்பி, இறுகி, தட்டினால் ஓசை எழுந்தால் எதையும் ஊட்டாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். வயிறு இளக்கமாக இருந்தால், ஒரு கைப்பிடி குச்சித் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கூழாக மசித்து, சிரிஞ்சில் அடைக்காத அளவுக்கு வடிகட்டிக்கொள்ளுங்கள். விலங்கை ஒரு பழைய துண்டில் தலை மட்டும் வெளியே தெரியச் சுற்றி, நான்கு காலும் மடியில் ஊன்றியிருக்குமாறு உட்கார வையுங்கள். எக்காரணம் கொண்டும் மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. கூழ் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சின் நுனியை உதட்டின் பக்கவாட்டில் அந்த இடைவெளிக்குள் நுழைத்து, ஒரு தடவைக்கு அரை மில்லி மட்டும் விட்டு, அது மென்று விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த அரை மில்லியைக் கொடுங்கள். முதல் நாள் வேளைக்கு 3 அல்லது 4 மில்லி போதும். குடல் இடங்கொடுத்தால் அடுத்த நாள் முதல் வேளைக்கு 8 மில்லி வீதம் ஒரு நாளில் ஆறு வேளை, அதாவது ஏறக்குறைய 50 மில்லி, இந்த எடைக்குச் சரியாக இருக்கும். நள்ளிரவில் ஒரு வேளை எழுந்து கொடுப்பது சிரமம்தான்; ஆனால் அந்த வேளையைத் தவறவிட்டதால் காலையில் மீண்டும் சுருண்டு கிடந்த விலங்குகளை நான் பார்த்திருக்கிறேன். இடையிடையே தண்ணீரையும் இதே முறையில் கொடுங்கள்.

இனிக் காரணத்துக்கு வருவோம். கினிப் பன்றி நேரில் பார்க்க வேண்டிய நோயாளிதான் என்றாலும், தங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. முயலின் உடல் தனக்குத் தேவையான வைட்டமின் சி-யைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும். மனிதனைப் போலவே கினிப் பன்றிக்கு அந்த ஆற்றல் இல்லை. அதனால் முயலுக்கென்று தயாரிக்கப்படும் தீவனத்தில் அந்தச் சத்தைச் சேர்க்க வேண்டிய தேவை தயாரிப்பாளருக்கு எழுவதில்லை. முயல் தீவனமும் வைக்கோலும் மட்டுமே தின்று மூன்று மாதம் கழித்த விலங்குக்கு ஸ்கர்வி எனும் குறைபாட்டு நோய் வந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். இரண்டு மூன்று வாரம் இந்தச் சத்து கிடைக்காவிட்டாலே மூட்டுகளைச் சுற்றி வீக்கமும் இரத்தக்கசிவும் ஏற்பட்டு, தொட்டால் கத்தும், அடியெடுத்து வைக்கத் தயங்கும். முன்பு ஒருவர், கூண்டின் கம்பியில் கால் மாட்டிச் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லி, பின்னங்காலில் துணிக்கட்டுப் போட்ட நிலையில் ஒரு கினிப் பன்றியைக் கொண்டுவந்தார். கட்டை அவிழ்த்து மற்றக் காலைத் தொட்டபோதும் அது அதே குரலில் கத்தியது. அதன் தீவனமும் முயல் தீவனம்தான்.

ஆகவே, சர்க்கரையும் பிற சத்துகளும் சேராத 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்து 10 மில்லி நீரில் கரைத்து, அதில் 1 மில்லியை, அதாவது 50 மில்லிகிராமை, நாள்தோறும் ஒரு முறை வாயில் கொடுங்கள். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். குடிநீர்ப் பாட்டிலில் கலந்து வைப்பது வீண். வெளிச்சத்திலும் வெப்பத்திலும் அந்தச் சத்து விரைவில் சிதைந்துவிடும். இரண்டு வாரம் தொடருங்கள். குறைபாடு மட்டுமே காரணமாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் நடையில் தெளிவு தெரியும்.

ஆயினும் மாத்திரையோடு இது முடியாது என்பதற்குத் தாடையின் ஈரம் அடையாளம். பசி இருக்கிறது, அதனால்தான் தட்டருகே வருகிறது. மெல்ல முடியவில்லை, அதனால்தான் போட்டுவிடுகிறது. கினிப் பன்றியின் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. வைட்டமின் சி குறையும்போது பற்களின் பிடிமானம் தளர்ந்து கடிவாய் கோணலாகும். நீண்ட நார் கொண்ட புல் இல்லாமல் குச்சித் தீவனத்தையே நம்பியிருந்தால் கடைவாய்ப் பற்கள் தேயாமல் நீண்டு நாக்கின் மேல் பாலம் போலக் கவிந்துவிடுவதும் உண்டு. உதட்டை விலக்கினால் முன்பற்கள் மட்டுமே தெரியும். அவை ஒழுங்காக இருப்பதைக் கண்டு நிறைவடைந்துவிடக் கூடாது. கடைவாய்ப் பற்களைக் கருவி கொண்டுதான் பார்க்க இயலும். சீர்செய்ய மயக்க மருந்து தேவைப்படும். நகவெட்டியால் பல்லை வெட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. பல் நெடுக்காகப் பிளந்து வேரில் சீழ் பிடிப்பதே அதன் விளைவு. தங்களுக்கு அருகில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாளையோ மறுநாளோ அங்கே கொண்டு செல்லுங்கள். வழியில் கொடுக்க ஒரு வேளைக் கூழையும் எடுத்துச் செல்லுங்கள்.

மீதமுள்ள 11 விலங்குகளும் அதே தட்டில்தான் தின்றிருக்கின்றன என்பதால் அவற்றுக்கும் இன்றே பச்சைச் சத்து தேவை. கொய்யாத் துண்டு, நறுக்கிய நெல்லிக்காய், குடைமிளகாய், கொத்தமல்லித் தழை ஆகியவற்றில் எது மலிவோ அதைத் தினமும் கொடுங்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உண்டு; நலமான விலங்குக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும், சினையுற்றதற்கு அதைப்போல் மூன்று மடங்கும் போதும் என்பதால் செலவு பெரிதாகாது. அகத்தி, முருங்கை, குதிரைமசால் போன்ற சுண்ணாம்புச் சத்து மிகுந்த தழைகளை வளர்ந்த விலங்குகளுக்கு எப்போதாவது மட்டும் கொடுங்கள். சிறுநீர்ப்பையில் கல் சேரும். வைக்கோலுக்குப் பதில் கொழுக்கட்டைப் புல்லையோ அருகம்புல்லையோ நிழலில் உலர்த்தி எந்நேரமும் கிடைக்குமாறு வையுங்கள். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கடலைக்கொடி ஆகவே ஆகாது.

கொட்டகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நோய்க்குறி எதுவும் இல்லாத முயலின் மூக்கில் இருக்கும் போர்டெடெல்லா எனும் கிருமி கினிப் பன்றிக்குக் கடும் நிமோனியாவை உண்டாக்கவல்லது. இரண்டையும் தனித்தனிக் கொட்டகையில் பிரித்து வைப்பதே சரி. வெப்பம் 30 டிகிரியைக் கடந்தால் இவை துவண்டுவிடும் என்பதால், ஈரோட்டுக் கோடையில் கூரைக்குத் தென்னங்கீற்றும் பக்கங்களில் நனைத்த சாக்கும் வேண்டும்.

நோயுற்ற ஆணைத் தினமும் காலையில் ஊட்டுவதற்கு முன் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள். ஊட்டியும் 650 கிராமுக்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். புழுக்கை பருத்து, எண்ணிக்கை கூடி, புல்லோடு தாங்கள் நெருங்கும்போது அது பழையபடி வீக் வீக் என்று குரல் கொடுத்தால் ஊட்டும் வேளைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.