‘லீவு போட்டேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: பள்ளிப் படிப்பை முழுக்கத் தமிழ்வழியில் முடித்துவிட்டு இப்போது கல்லூரி முதலாண்டில் இருக்கிறேன். ஆங்கில இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்குவேன். ஆனால் நண்பர்கள் பரீட்சை, வகுப்பு, அசைன்மென்ட் என்று ஆங்கிலத்தில் சாதாரணமாகப் பேசும்போது எனக்கு வாய் வருவதில்லை. மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. ஒரு புத்தகத்திலிருந்து நாற்பது உரையாடல்களை மனப்பாடம் செய்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

நாற்பது உரையாடல்களை மனப்பாடம் செய்யும் அளவுக்கு உங்களிடம் உழைப்பு இருக்கிறது. அதைக் கொஞ்சம் இடம் மாற்றிப் போட்டால் போதும். புத்தகத்தில் எதிரே பேசுபவரின் வரியும் அச்சில் இருக்கும். நேரில் உங்கள் நண்பர் அந்த வரியைச் சொல்லமாட்டார். அவர் வேறு எதையாவது சொன்னதும், நீங்கள் தயாராக வைத்திருந்த அடுத்த வரி பொருந்தாமல் போய்விடுகிறது. அதனால் முழு உரையாடலை விட்டுவிட்டு, மூன்று நான்கு சொல் கொண்ட சிறு தொடர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் திணறும் இடம் பெரும்பாலும் வினைச்சொல்லாகத்தான் இருக்கும். நாம் பரீட்சை ‘எழுதுகிறோம்’, மார்க் ‘வாங்குகிறோம்’, லீவு ‘போடுகிறோம்’. இவற்றை அப்படியே மாற்றினால் ‘ஐ புட் லீவ்’ என்று வரும். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதில்லை. ‘ஐ வாஸ் ஆப்சென்ட் யெஸ்டர்டே’ என்பார்கள், அல்லது ‘ஐ மிஸ்டு த கிளாஸ்’. பரீட்சைக்கு ‘டேக்’, மார்க்குக்கு ‘கெட்’. நோட்ஸ் எடுப்பதில் மட்டும் இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன: ‘டேக் நோட்ஸ்’. நமக்கு ‘பண்ணு’ என்ற ஒரே சொல் எல்லா வேலையும் செய்யும். அங்கே ஹோம்வொர்க்குக்கு ‘டூ’, தப்புக்கு ‘மேக்’. ‘ஐ மேட் எ மிஸ்டேக்’ என்பதை ஒரே சொல்போல மனதில் பதித்துவிட்டால், எந்த வினையைப் போடுவது என்று பேசும் நேரத்தில் தேட வேண்டியிருக்காது.

சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930-இல் 850 சொற்களைக் கொண்ட ‘அடிப்படை ஆங்கிலம்’ ஒன்றை வகுத்தார். அதில் வினைக்காக வைத்தவை 18 மட்டுமே. கம், கோ, கெட், கிவ், டேக், புட், மேக், டூ, ஹேவ் எல்லாம் அதில் வரும். அந்த 850 சொற்களோடு ஒருவர் நின்றுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கல்லூரிப் பேச்சில் பெரும் பாரத்தைச் சுமப்பவை இந்தச் சின்ன வினைகள்தான். கடினமான சொற்களைத் தேடி அகராதி புரட்டுவதைவிட, இவை ஒவ்வொன்றும் எந்தச் சொல்லோடு சேரும் என்று பாருங்கள்.

அடுத்தது, பதிலோடு ஒரு வரி கூட்டுவது. ‘ஹவ் வாஸ் த டெஸ்ட்?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘குட்’ என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘நாட் பேட். த லாஸ்ட் கொஸ்டின் வாஸ் டஃப். ஹவ் அபவுட் யூ?’ என்று சொல்லிப் பாருங்கள். பதில் ஒன்று, விவரம் ஒன்று, திருப்பிக் கேட்பது ஒன்று. இப்போது பேச வேண்டியது அவர் முறை. உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். காதில் சரியாக விழவில்லையா? ‘ஸாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்’ என்று கேளுங்கள். புரிந்ததுபோல் தலையாட்ட வேண்டாம். அடுத்த கேள்வியிலேயே அது தெரிந்துவிடும், பிறகு கூச்சம் இன்னும் கூடும்.

இரண்டு சொற்களில் மட்டும் கவனம் தேவை. வகுப்பில் நாம் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்கிறோம். நமக்குள் அது புரிந்துவிடும். வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர், தான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ எங்கும் செல்லும். படிப்பை முடித்தேன் என்பதற்கு ‘பாஸ்டு அவுட்’ என்பதும் இப்படித்தான். பலருக்கு அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். ‘ஐ கிராஜுவேட்டட்’ என்பது தெளிவாக இருக்கும். பள்ளி என்றால் ‘ஐ ஃபினிஷ்டு ஸ்கூல்’.

‘டிட்ன்ட் வென்ட்’ போன்ற பிழை வந்தால் பாதியில் நின்று திருத்தாதீர்கள், பேசி முடியுங்கள். ‘டிட்’ என்பதே இறந்தகாலத்தைச் சொல்லிவிடுகிறது, அதன் பின்னால் ‘கோ’ போதும் என்பதை வீட்டில் நிதானமாகப் பழகிக்கொள்ளலாம். அதற்கு நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: இரவில் பத்து நிமிடம், அன்று கல்லூரியில் நடந்த மூன்று விஷயங்களை வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லி ஃபோனில் பதிவு செய்யுங்கள். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. மறுநாள் கேட்டுப் பார்த்து, எந்த வினையில் தடுக்கியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பேசப்போவதும் இதே பரீட்சை, இதே அசைன்மென்ட், இதே வகுப்பு என்பதால் நேற்றுத் தேடிய சொல் இன்று தானாக வரும்.

ஆரம்பத்தில் கூட்டத்தில் நுழைய வேண்டாம். பக்கத்தில் உட்காரும் ஒருவரிடம் நாளைக் காலை இதைக் கேளுங்கள்: ‘டிட் யூ ஃபினிஷ் த அசைன்மென்ட்?’ அவர் என்ன சொன்னாலும், ‘விச் பார்ட் வாஸ் ஹார்ட்?’ என்று அடுத்ததைக் கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.