கொல்லிமலை: பெயரும் பழமையும்

கேள்வி: கொல்லிமலை என்பது ‘கொல்லும் மலை’ என்று பொருள்படுவதாகப் பலரும் சொல்கிறார்கள். இது சரியா? அறப்பளீசுவரர் கோயில் இருக்கும் மலையூர் எவ்வளவு பழமையானது? அங்குள்ள ஊர்ப்பெயர்கள் ‘நாடு’ என்று முடிவது ஏன்?
— வாசகர், ஆத்தூர்

பதில்: சங்கப் பாடல்களில் கொல்லி என்பது மலையின் பெயராகவே வருகிறது, அது கொல்லும் மலை என்பதால் அப்பெயர் பெற்றது என்று எந்தப் புலவரும் பாடவில்லை. சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை அங்கு நிற்பதாகச் சொல்லப்படும் கதை பிற்காலத்தது. குறுந்தொகை 89ஆம் பாடல் ‘பேஎம் முதிர் கொல்லி’ என்று அச்சம் தரும் மலையாக அதைக் காட்டுவது உண்மைதான். ஆயினும் அதே பாடலில் வரும் பாவை தெய்வம் எழுதிய அழகிய வடிவமேயன்றிக் கொலைத் தெய்வம் அன்று. இடி இடித்தாலும் நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு குலையாதது என்று நற்றிணை 201 அப்பாவையைப் போற்றித் தலைவனின் நெஞ்சை விட்டு நீங்காத தலைவிக்கு உவமையாக்குகிறது. இத்தனை நயமான பாடல்கள் இருக்க, கொலைக் கதை மட்டும் சுற்றுலாப் பயணிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது.

மலையின் அரசியல் வரலாறும் பாடல்களிலேயே உள்ளது. கொல்லியை ஆண்டவன் வல்வில் ஓரி. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பு துளைத்துச் சென்ற அவனது வில்லாற்றலைப் புறநானூறு 152இல் வன்பரணர் பாடினார். முள்ளூர் மன்னன் காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்ததை அகநானூறு 209 கூறுகிறது. அப்பாடலில் வரும் ‘செவ்வேர்ப் பலவின் பயங்கெழு கொல்லி’ என்ற தொடரை மலைக்குச் செல்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பலா இன்றும் அம்மலையின் பெருமைக்குரிய விளைபொருள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் குலசேகர ஆழ்வாரும் தம்மைக் ‘கொல்லி காவலன்’ என்றே சொல்லிக்கொள்கிறார்.

கோயில் இருப்பது வளப்பூர் நாட்டுப் பெரியகோவிலூரில், ஆகாய கங்கை அருவிக்கு அருகே. இது தேவார வைப்புத் தலம், அதாவது தனிப் பதிகம் இல்லாமல் தேவாரப் பாடல்களில் பெயர் மட்டும் குறிக்கப்படும் தலம். எனவே 7ஆம் நூற்றாண்டிலேயே புகழ்பெற்ற தலமாக இருந்தது எனத் துணியலாம். அறப்பள்ளி, அறைப்பள்ளி என இரு வடிவங்களும் வழக்கில் உண்டு. ‘அறை’ என்பது பாறையையும் குறிக்கும் பழஞ்சொல் ஆதலால், பாறை சூழ்ந்த அவ்விடத்துக்கு இரண்டாவது வடிவமே பொருத்தமானது என்பது என் கருத்து.

வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு போன்ற பெயர்களில் உள்ள ‘நாடு’ தேசத்தைக் குறிப்பதன்று. சோழர் கல்வெட்டுகளில் சில ஊர்கள் சேர்ந்த தொகுதிக்கு நாடு என்று பெயர். அதன் பொதுக் காரியங்களைப் பார்த்தவர்கள் நாட்டார். கொல்லிமலையிலும் சிற்றூர்கள் பல சேர்ந்ததே ஒரு நாடு. சமவெளியில் பெரும்பாலும் மறைந்துவிட்ட அந்தப் பழைய வழக்கு இங்கு இன்றைய ஊராட்சிகளின் பெயர்களிலும் தொடர்கிறது.