இரவல் தூண்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாக மூன்று வாரம் டுனீசியாவில் இருந்தேன். நீங்கள் முன்பொரு கட்டுரையில் கைருவான் நகரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தது நினைவுக்கு வர, ஒரு விடுமுறை நாளில் கிளம்பிப் போனேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். பெரிய மசூதியின் தொழுகைக் கூடத்துக்குள் என்னை விடவில்லை, வாசலில் நின்றுதான் பார்த்தேன். ஒரு தூணைப் போல இன்னொரு தூண் இல்லை. நிறம் வேறு, பருமன் வேறு, உச்சி வேறு. எல்லாம் ரோமானிய, பைசாந்திய (கிழக்கு ரோமானிய) இடிபாடுகளிலிருந்து எடுத்து வந்தவை என்றார் வழிகாட்டி. ஒற்றைக் கல்லில் யாளி செதுக்கிய ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரன் நான். எனக்கு இது ஒட்டுப்போட்ட வேலையாகத்தான் தெரிந்தது. இதை மகத்தான கட்டடக்கலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அன்புடன்,
செல்வகுமார்

அன்புள்ள செல்வகுமார்,

ஒட்டுப்போட்ட வேலையேதான். அதை நான் மறுக்கப் போவதில்லை. எனக்கு அந்தக் கட்டடம் பிடித்துப்போனதே அதனால்தான்.

ஒரு கொத்தனாரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நானூறுக்கும் மேற்பட்ட கல் தூண்களைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். சிவப்புக் கல், சாம்பல் கருங்கல், வெள்ளைப் பளிங்கு எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒன்று எட்டு முழம் என்றால் அடுத்தது ஒன்பது. இவற்றை வைத்து மட்டமான கூரை போட வேண்டும். வெட்டிச் சமன் செய்யலாம், ஆனால் பளிங்கை வெட்டுவது லேசான காரியமில்லை, குட்டையான தூணை இழுத்து நீட்டவும் முடியாது. அவர்கள் செய்தது இதுதான்: உயர வித்தியாசத்தை எல்லாம் தூணின் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். நம் ஸ்தபதிகள் போதிகை என்பார்களே, அந்த இடத்தில் ஒரு மரப்பலகை, அதன்மேல் ஒரு கல், தேவைப்பட்டால் இன்னொரு கல். அதற்கப்புறம்தான் வளைவு கிளம்புகிறது. பக்கத்துப் பக்கத்து வளைவுகள் சாய்ந்துவிடாமல் குறுக்கே மரச்சட்டம் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். நீங்கள் வாசலில் நின்றபோது கீழே பார்த்திருக்கிறீர்கள். கண்ணைக் கொஞ்சம் மேலே ஏற்றியிருந்தால், அத்தனை கலவரமும் ஒரு கோட்டில் அடங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் ஊர் மண்டபத்தில் சிற்பி கல்லுக்கு ஆணையிடுகிறான். இங்கே கல் கேட்பதற்கெல்லாம் கொத்தனார் பதில் சொல்கிறார். இரண்டும் இரண்டு வகைத் திறமை. இதில் எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

சரி, ஏன் இரவல் கல்? அந்த ஊர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். 670ஆம் ஆண்டில் உக்பா இப்னு நாஃபி என்ற அரபுத் தளபதி அங்கே பாளையம் இறங்கினார். கடலோரத்தில் பைசாந்தியக் கப்பற்படை, மலைகளில் பணிய மறுத்த பெர்பர்கள் என்ற மண்ணின் மக்கள். இரண்டிடமிருந்தும் தள்ளி, நடுவில் ஒரு வெட்டவெளி. ஆறு இல்லை, துறைமுகம் இல்லை. கைருவான் என்ற பெயரே பயணக் கூட்டத்தைக் குறிக்கும் கார்வான் என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்களுக்கு நிறுத்துகிறார்களே கேரவன், அதே வேர்தான். வண்டி நிறுத்துமிடம் ஊராகிவிட்டது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் பளிங்குக்கு எங்கே போவது? கடலோரத்துப் பழைய பெருநகரமான கார்தேஜும் மற்றப் பழைய நகரங்களும் இடிந்து கிடந்தன, எடுத்துக்கொண்டார்கள். அதில் வென்றவனின் மிதப்பும் இருந்திருக்கும், சிக்கனமும் இருந்திருக்கும்.

நீங்கள் பார்த்த மசூதி உக்பா கட்டியதல்ல. 836இல் அப்போது அந்த நாட்டை ஆண்ட அக்லபித் வம்சத்து அமீர் (அரசர்) முதலாம் ஸியாதத்துல்லா ஏறக்குறைய முழுதாகத் திருப்பிக் கட்டியது. மினாரை மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று அடுக்கு, முப்பது மீட்டருக்குச் சற்று மேல். முற்றத்தைப் பார்த்த பக்கத்தில் நல்ல சன்னல்கள், மற்ற மூன்று பக்கங்களில் அம்பு விடும் துளை மாதிரி ஒடுங்கிய பிளவுகள். அடிவரிசைக் கற்களில் லத்தீன் எழுத்துகள்கூட உண்டு.

ஒரு விஷயத்தில் உங்களுக்கு நியாயமான வருத்தம் இருக்கிறது. உள்ளே விட்டிருந்தால் மிம்பரை அருகில் பார்த்திருக்கலாம். இமாம் ஏறி நின்று உரையாற்றும் மரப்படி மேடை அது. 862 வாக்கில் செய்தது, இன்றைக்கு உலகில் மிஞ்சியிருக்கும் மிம்பர்களில் மிகப் பழையது. முன்னூறுக்கு மேல் செதுக்குப் பலகைகள். என்ன மரம் தெரியுமா? தேக்கு. வட ஆப்பிரிக்காவில் தேக்கு முளைக்காது, நம் பக்கத்துக் காடுகளிலிருந்தோ பர்மாப் பக்கமிருந்தோ கடலேறிப் போயிருக்க வேண்டும். ஆங்கிலேயர்கள் அந்த மரத்துக்கு வைத்திருக்கும் பெயரே நம் தேக்குதான், மலையாளக் கரையில் போர்ச்சுக்கீசியர் பிடித்துக்கொண்டு போன சொல். ஆக அந்தக் கூடத்தில் தூண் மட்டும் இரவல் இல்லை, மரமும் இரவல்தான். தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தைச் சுற்றிப் பதித்த பொன்மின்னல் ஓடுகளில் ஒரு பகுதி பாக்தாதிலிருந்து வந்தது.

நீங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் அக்லபித் குளங்களுக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. மக்ரூத் மட்டும் கட்டாயம் தின்றிருப்பீர்கள், பேரீச்சம்பழம் அடைத்துப் பொரித்த ரவைப் பலகாரம், அந்த ஊரில் அதிலிருந்து யாரும் தப்ப முடியாது. குளங்கள் இரண்டு. மழைவெள்ளம் முதலில் 34 மீட்டர் விட்டமுள்ள சின்னக் குளத்தில் விழும். சேறும் மணலும் அங்கே அடங்கிய பிறகு, தெளிந்த நீர் 128 மீட்டர் விட்டமுள்ள பெரிய குளத்துக்குப் போகும். பெரிய குளத்தின் நடுவில் நம் நீராழி மண்டபம் மாதிரி, அமீர் காற்று வாங்க ஒரு மண்டபம் இருந்தது. இப்போது மேடை மட்டும் நிற்கிறது. ஆறே இல்லாத ஊர் ஒரு ராஜ்ஜியத்தின் தலைநகராக நின்றதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். தூண்களைவிட இதற்குத்தான் நான் கைதட்டுவேன்.

இதே வித்தை மசூதி முற்றத்திலும் இருக்கிறது, நீங்கள் அதன்மேல் நடந்து போயிருக்கிறீர்கள். தரை முழுவதும் ஒரு பக்கமாக மெல்லச் சரியும். மழைநீர் ஓடிவந்து சேரும் இடத்தில், படிப்படியாகச் செதுக்கிய ஒரு பளிங்குத் தொட்டி. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் அழுக்கு தங்கிவிட, மிச்ச நீர் தரைக்கு அடியிலுள்ள நீர்த்தேக்கத்துக்கு இறங்கும். அந்த நீரை இறைக்க முற்றத்தில் கிணற்று வாய்கள் வைத்திருக்கிறார்கள். அவை வேறொன்றுமில்லை, பழைய தூண்களின் அடிக்கற்களை நடுவில் குடைந்தவை. விளிம்பில் நூற்றாண்டுகளாகக் கயிறு அறுத்த தடங்கள். ஒன்றில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன், முழுசாக உள்ளே போனது.

அன்புடன்.