ஐஸ் உருகுவதும் மீன்பிடிக் கப்பல்களும் துருவ சீல்களை எப்படிப் பாதிக்கின்றன?

துருவ சீல், கடலில் இரை தேடி ஐஸ் மேல் குட்டி போடும் பாலூட்டி. ஐஸ்தான் அதன் பிரசவ அறை. ஆர்க்டிக்கின் வளைய சீல், கடல் ஐஸ் மேல் குவிந்த பனியைக் குடைந்து குகை செய்து அதற்குள் குட்டி ஈனும். குட்டியின் வெள்ளை ரோமம் உலர்ந்திருந்தால்தான் கதகதப்பு. பூமி சூடாவதால் பனி சீக்கிரமே உருகி, குகையின் கூரை இடிந்துவிடுகிறது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் ஐப்பசி மழைக்குக் கூரை ஒழுகினால் எப்படி இருக்கும், அப்படி.

அப்புறம் சாப்பாடு. அண்டார்டிகாவில் கிரில் என்றொரு சிற்றுயிர். காசிமேட்டில் கூறு கட்டி விற்கும் சென்னாக்கூனியைப் பார்த்திருந்தால் உருவம் பிடிபடும்; இது கொஞ்சம் பெரியது, விரல் நீளம். நண்டுண்ணி சீலுக்கு (பெயரில் மட்டும்தான் நண்டு!) அதுதான் முக்கிய உணவு. குளிர்காலத்தில் கிரில் குஞ்சுகள் ஐஸின் அடியில் ஒட்டிய பாசியை மேய்ந்து வளரும். ஐஸ் குறைந்தால் கிரிலும் குறையும். மீன் தீவனத்துக்கும் எண்ணெய் மாத்திரைக்கும் கப்பல்கள் அள்ளுவதும் அதையே. அள்ளுவதற்கு வரம்பு உண்டு. என் பார்வையில் அளவைவிட இடம்தான் சிக்கல்: சீல்கள் மேயும் கரையோரத்திலேயே கப்பல்களும் கூடுகின்றன.

"சீலுக்குத்தான் நீந்தத் தெரியுமே, ஐஸ் போனால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். தாய் சமாளித்துவிடும், பிறந்த குட்டி நெடுநேரம் நனைந்தால் குளிரில் விறைத்துப்போகும்.