கடை திறக்க வேண்டாம், பிள்ளைகளைச் சிறையில் போடவும் வேண்டாம்

போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கி அரசு கட்டுப்படுத்தினால் குற்றமும் பாதிப்பும் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கையின் மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். பாதிப் பதில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

சாராயம் சட்டப்படி விற்கிற சரக்குதான். லைசென்ஸ், வரி, கடை மூடும் நேரம் எல்லாம் உண்டு. ஆனாலும் கள்ளச்சாராயமான கசிப்பு ஒழியவில்லை. வரி ஏற ஏற ஒரு போத்தல் விலை நாள் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது, குடிக்கிறவர் கசிப்பைத் தேடிப் போகிறார். ஆற்றோரம் சீனியும் ஈஸ்டும் போட்டுக் கசிப்புக்குக் கோடா ஊறிய பீப்பாயைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சம்பள நாளில் அம்மா கடன் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா வரும் வழியைப் பார்த்தபடி வாசலில் நிற்பார். அப்பா குடித்தது கசிப்பு இல்லை, கடையில் வாங்கிய சாராயம். அதனால் ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைனுக்கும் ஹெரோயினுக்கும் கடை திறப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

சரி, இப்போதுள்ள சட்டம் போதுமா? அதுவும் இல்லை. 1984 முதல் 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். 2022இல் 5 கிராம் ஐஸுக்கும் அதே தண்டனை வந்தது. அப்படியும் ஐஸ் லயம் வரை வந்துவிட்டது.

என் அத்தை மகன் கொஞ்சம் கஞ்சாவோடு பிடிபட்டான். அத்தை காதுத் தோட்டை அடகு வைத்து வக்கீல் பிடித்தார். விசாரணைக் கைதியாக இரண்டு வாரம் விளக்கமறியல். கொழும்பில் பார்த்த கடை வேலை போயிற்று. ஐஸ் யாரிடம் கிடைக்கும் என்பதை உள்ளே இருந்துதான் தெரிந்துகொண்டு வந்தான்.

போர்த்துகல் 2001இல் வேறு வழி எடுத்தது. பத்து நாள் பாவனைக்குள் அடங்கும் அளவு வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஒரு குழுவிடம் அனுப்புகிறார்கள். விற்பது இன்னும் குற்றம்தான். கூடவே சிகிச்சையையும் பெருக்கினார்கள், ஊசி வழியாக எச்ஐவி பரவுவது பெரிதும் குறைந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் 2021இல் தண்டனையைத் தளர்த்தியது. ஆனால் சிகிச்சை நேரத்துக்கு வந்து சேரவில்லை. 2024இல் பழையபடி குற்றமாக்கிவிட்டார்கள்.

எங்களுக்கும் சிக்கல் அங்கேதான். அந்த அத்தை மகனைச் சிகிச்சைக்குக் கூட்டிப் போக அத்தை ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறுகிறார். தோட்டத்து டிஸ்பென்சரியில் வாரம் ஒரு நாள், பொலிஸுக்குப் பயப்படாமல் பேச ஒருவர் இருந்தால், அவன் தனியாகவே நடந்து போய்விடுவான்.